மாமாவின் உலா

எங்கள் ஊரில் வழியில் எதிர்ப்படும் ஒருவரை, "எங்கே, இந்தப் பக்கம்?" என்று வினவுதல் வழக்கம். அஃது உண்மையில் வினாவன்று. வணக்கத்தின் ஒரு வகை. வினவியவர் விடையை எதிர்பார்ப்பதில்லை. வினவப்பெற்றவரும், "சும்மா, இப்படி" என்று கையை வீசிவிட்டுப் போய்விடுவார். இந்தச் "சும்மா, இப்படி" என்னும் இரண்டு சொற்களின் அருமையை யான் பத்தொன்பது ஆண்டுகளாக அறிந்திலேன். சென்ற கோடை விடுமுறையில்தான் அறிந்தேன். அறிவித்தவர் என் தாய்மாமன். அதற்கு அவர் கொடுத்த விலை தம் வலக்கை மணிக்கட்டு. அந்த வரலாற்றை நம் கல்லூரி அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது ஊர் வ. புதுப்பட்டி. தமிழ்நாட்டில் புதுப்பட்டிகள் பல. ஆதலின் எம்மூர் அண்டையிலுள்ள வத்திராயிருப்பின் முதலெழுத்தைத் தன் தலையில் சூடிக்கொண்டுள்ளது. மேற்கே மலைத்தொடர், அதன் அடியில் வயலும் தென்னையும் கண்மாயும். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் எமக்குப் பட்டணங்கள். எங்கள் வீட்டின் முன்னறையே மாமாவின் தொழிற்சாலை. மிக்சி, மின்விசிறி, கிணற்று மோட்டார் ஆகியவற்றிற்குக் காயில் கட்டுதல் அவர் தொழில். எரிந்துபோன மோட்டாரை மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்து பார்த்தே, "இது தண்ணீர் இல்லாமல் ஓடியது, இது தண்ணீர் புகுந்து ஓடியது" என்று கூறிவிடுவார்.

அவருக்கு இரண்டு வயதில் போலியோ கண்டது. இரு கால்களும் சூம்பின. நம் நாட்டில் அந்நோயின் இயற்கைக் கிருமி இறுதியாகக் கண்டறியப்பட்டது 2011-ஆம் ஆண்டு சனவரியில். 2014-ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடென்று சான்று பெற்றது. அந்நற்பேறு மாமாவின் தலைமுறைக்கு முப்பது ஆண்டுகள் பிந்தி வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருக்குக் கால்களாக இருந்தது கைவண்டி ஒன்று. இருக்கைக்கு முன்னே நிற்கும் கைப்பிடியைச் சுழற்றினால், சங்கிலி முன்சக்கரத்தைத் திருப்பும். பின்சக்கரங்கள் இரண்டும் தாமே உருண்டு வரும். ஆனால் தோள் என்பது உடலைச் சுமந்து செல்வதற்கென அமைந்த மூட்டன்று. இடுப்பும் முழங்காலும் செய்யவேண்டிய வேலையை இத்தனை ஆண்டு செய்த அத்தோள்கள் தேய்ந்தன. "இனி வண்டியைச் சுழற்றாதீர்" என்றார் மருத்துவர். அன்றுமுதல் கைவண்டி திண்ணையின் ஓரத்தில் நின்றது. மாமா முன்னறையில் இருந்தார். இரண்டிற்கும் இடையே பத்தடி தொலைவு.

ஏப்ரல் மாதத்தில் ஓரிரவு, மின்சாரம் நின்று நாங்கள் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவர் தொடங்கினார்.

"மாப்பிள்ளை, இந்த வண்டிக்கு ஒரு மோட்டார் வைத்தால் என்ன?"

"எங்கே போகவேண்டும் மாமா? சொல்லுங்கள், நான் பைக்கில் கூட்டிப்போகிறேன்."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் அமைதியாகக் கூறினார்: "எங்கே என்று சொன்னால் நீ கூட்டிப்போவாய். உன் அம்மா ஆட்டோ வைத்து அனுப்புவாள். ஆசுபத்திரிக்கு, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, ஓட்டுப் போட. பிறந்தது முதல் எல்லாரும் என்னை ஏதாவது ஓர் இடத்துக்குத்தான் கொண்டுபோய் இறக்கியிருக்கிறீர்கள். எங்கேயும் என்றில்லாமல் ஒரு தடவை போகவேண்டும்."

நற்செய்தியில், நால்வர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனைப்பற்றிச் சிறு பருவமுதல் கேட்டிருக்கிறேன். சுமந்தவர்களின் அன்பை எண்ணி வியந்ததுண்டு. சுமக்கப்பட்டவனின் உள்ளம் எத்தகையது என்று யான் அவ்விரவு வரையில் எண்ணிப் பார்த்ததேயில்லை.

மறுநாளே வேலை தொடங்கிற்று. மாமாவிடம் அறிவிருந்தது, என்னிடம் கைகால் இருந்தன. பிஸ்கட் டப்பாவில் அவர் சேர்த்து வைத்திருந்த பணம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது. தமிழ் படிக்கும் எனக்கு இயந்திரம் தெரியாது. ஆதலின் நூல்நிலையத்திலும் கைப்பேசியிலும் தேடிப் படித்தேன். படித்தபோது வியப்பொன்று காத்திருந்தது. மூன்று சக்கரத்தை நாம் ஏதோ நான்கின் குறையென்று எண்ணுகிறோம். மோட்டார் வண்டிகளின் மூதாதை மூன்று சக்கரத்ததே! 1881-ஆம் ஆண்டு குஸ்தாவ் துரூவே என்பார் பாரிசு நகரத் தெருவில் ஓட்டிக் காட்டிய மின்வண்டி முச்சக்கர வண்டி. 1886-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள் ஜெர்மனியில் கார்ல் பென்சு காப்புரிமை வேண்டிய பெட்ரோல் வண்டியும் முச்சக்கர வண்டியே. நான்கு சக்கரத்தைச் செவ்வனே திருப்பும் வழி அவருக்கு அப்போது அமையவில்லை.

அவ்வண்டியின் திறத்தை உலகம் நம்பவில்லை. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே, மைந்தர் இருவருடன் அதிலேறி, மான்ஹைம் நகரிலிருந்து தம் தாயார் இருந்த ஃபோர்ட்சைம் நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்று சேர்ந்தார். எரிபொருட் குழாய் அடைத்தபோது தொப்பியூசியால் குத்தித் திறந்தார். பிரேக்குக் கட்டை தேய்ந்தபோது வழியிலிருந்த செருப்புத் தொழிலாளியைக்கொண்டு அதன்மேல் தோலை அடிக்கச் செய்தார். மேடு வந்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். இதனை யான் படித்துக் கூறியபோது மாமா மிகவும் மகிழ்ந்து, "தள்ளுவதற்கு எனக்கும் ஒரு பையன் இருக்கிறான்" என்றார்.

நம் நாட்டிலும் இத்துறையில் அறிஞர் உழைத்துள்ளனர். சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய நியோமோஷன் நிறுவனத்தார், சக்கர நாற்காலியின் முன்னே பூட்டி ஓட்டும் 'நியோபோல்ட்' என்னும் மின்கருவியை 2021-இல் வெளியிட்டனர். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்வது. அதன் படத்தை மாமா நெடுநேரம் பார்த்தார். "இது நாற்காலியோடு சேர்த்து அளவெடுத்துச் செய்தது. நம்மிடம் இருப்பது கைவண்டி. இருப்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும்" என்று கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

வெல்டிங் பட்டறைக்காரர் வேறொரு யோசனை கூறினார்: பழைய டி.வி.எஸ். 50 வண்டியின் இயந்திரம் ஒன்று கிடக்கிறது, அதனைப் பொருத்திவிடலாம் என்பதே அது. இது புதிய முறையன்று. சென்னையில் மீன்பாடி வண்டி என்று வழங்கும் முச்சக்கரப் பார வண்டிகளில், கழித்த ஸ்கூட்டர்களின் இயந்திரத்தைப் பொருத்திக் கம்பியும் மூட்டையும் ஏற்றிச் செல்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஏழைத் தொழிலாளரின் கைத்திறனுக்கு அவை சான்று; எனினும் பதிவும் இல்லை, பாரத்திற்கேற்ற பிரேக்கும் இல்லை என்ற குறை அவற்றின்மேல் என்றும் உண்டு. மாமா மறுத்ததற்குக் காரணம் மிக எளிது: "அதைக் கிளப்பக் கால் வேண்டுமே ஐயா!" மின்மோட்டாருக்குக் கால் வேண்டா, பெருவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்தினால் போதும். மேலும் அதன் நாடியை அறிந்த வைத்தியர் மாமா.

ஆகவே, 24 வோல்ட்டில் ஓடும் 250 வாட் மோட்டார் ஒன்று வாங்கினோம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டினைத் தொடராக இணைத்தோம். முன்சக்கரத்தில் மோட்டாரை வைக்கலாமா என்று கேட்டேன். "பாரம் முழுதும் பின்னே இருக்கிறது. முன்சக்கரம் மணலில் சும்மா சுழலும், வண்டி நகராது" என்றார் மாமா. பின்னே வைப்பதென்றால், இரு சக்கரத்தையும் ஓட்டுவதா, ஒன்றையா?

இங்கேதான் முச்சக்கர வண்டியின் பழைய புதிர் உள்ளது. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தினும் மிகுதியான வழி செல்லவேண்டும். எங்கள் வண்டியில் இரு சக்கரங்களுக்கும் இடைவெளி இரண்டரை அடி; ஒரு முழு வட்டம் சுற்றினால் வெளிச்சக்கரம் ஏறத்தாழ பதினைந்தே முக்கால் அடி மிகுதியாக உருளும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்தே தீரும். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பார் 1877-இல் தம் முச்சக்கர மிதிவண்டிக்குப் பல்சக்கரங்களை இடையிட்டு இக்குறையைத் தீர்த்தார். பிற்காலத்து மோட்டார் கார்களின் பின்னச்சில் அமைந்ததும் அம்முறையே. எங்கள் பிஸ்கட் டப்பாவில் அதற்குப் பணமில்லை. ஆகவே வலச்சக்கரத்தை மட்டும் ஓட்டுவித்து, இடச்சக்கரத்தைத் தன்விருப்பில் உருள விட்டோம். புறப்படும்போது வண்டி சிறிது இடப்பக்கம் இழுக்கும், கையால் நேர்செய்துகொள்ளலாம்.

இனி வேகம். மோட்டாரின் வெளியச்சு நிமிடத்திற்கு 330 சுற்றுச் சுற்றும். அதிலுள்ள பற்கள் ஒன்பது. சக்கரத்தில் 36 பற்களுள்ள பல்சக்கரம் வைத்தால், சக்கரம் அதில் நாலிலொரு பங்கே சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர். கணக்கிட்டால் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர். விரைந்து நடப்பவனைப் போல் இருமடங்குகூட இல்லை.

"பத்தா? சைக்கிள் நம்மை முந்திப்போகும் மாமா!" என்றேன்.

"போகட்டும். அவனுக்குப் போக இடம் இருக்கிறது. சும்மா உலாவுகிறவனுக்கு வேகம் எதற்கு?"

இந்த விடையை யான் செவியால் கேட்டேன்; உள்ளத்தால் கேட்டிலேன். வண்டி முடிந்த நாளின் முந்திய இரவு, பட்டறைக்குச் சென்று, அந்த 36 பல்லுக்குப் பதிலாக 18 பல் உள்ளதனை ஒருவருக்கும் சொல்லாமல் மாட்டினேன். ஊரார் முன் மாமா இருபது கிலோமீட்டர் வேகத்தில் வருவதைக் காண விரும்பினேன். அவர் பெருமையை விரும்பினேன் என்று அன்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். இன்று எண்ணிப் பார்க்கின் அஃது என் பெருமையே.

மறுநாள் மாலை கண்மாய்க் கரைச் சாலையில் வெள்ளோட்டம். மாமா விரலை அழுத்தினார். வண்டி ஓசையின்றி நகர்ந்து விரைந்தது. யான் பின்னே ஓடி, ஓட இயலாமல் நின்றேன். சாலை திரும்பும் முக்கில் அவர் கைப்பிடியைத் திருப்பினார். உட்பக்கத்துச் சக்கரம் தரையைவிட்டு எழுந்தது. அடுத்த நொடியில் வண்டி வெளிப்புறமாகச் சரிந்து கருவேல முள்ளில் கவிழ்ந்தது. கால் உள்ளவன் குதித்திருப்பான். மாமா கையை ஊன்றினார்.

மணிக்கட்டு எலும்பில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கால்களை இழந்தவருக்கு எஞ்சியிருந்த கையையும் முடக்கியவன் யான். முன்னறையில் பழுதான மிக்சிகள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. அன்றிரவு அம்மாவிடமும் மாமாவிடமும் பல்சக்கரத்தை மாற்றியதைச் சொல்லி அழுதேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "அந்த வண்டியை இரும்புக்கடையில் போடு" என்று மட்டும் கூறினார். மாமா சிறிது நேரம் கழித்து, "கிளம்பின உடனே சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பத்து இல்லை என்று. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை" என்றார். பின்னர், அம்மாவுக்குக் கேளாத குரலில், "முக்கு வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது மாப்பிள்ளை" என்றார்.

அந்த ஆறு வாரங்களில் கவிழ்ந்த காரணத்தை இருவரும் ஆராய்ந்தோம். மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் அமையும். வளைவில் எழும் தள்ளுவிசை பாரத்தை அம்முக்கோணத்தின் வெளியே சாய்க்குமானால் வண்டி கவிழும். வேகம் இருமடங்காயின் அவ்விசை இருமடங்கன்று, நான்கு மடங்காம்! என் பதினெட்டுப் பல்லின் பொருள் அதுவே. பேட்டரிகளை இருக்கையின் முதுகுப்புறத்தில் உயரமாக வைத்ததும் பிழை. பாரம் உயர உயரக் கவிழ்தல் எளிது.

மாவுக்கட்டுப் பிரித்த மறுநாள், இரும்புக்கடைக்குப் போகாமல் திண்ணையோரம் கிடந்த அவ்வண்டியின் அருகே அம்மா வந்து நின்றார். நெடுநேரம் பார்த்தபின் கேட்டார்:

"இதுக்குப் பிரேக்கு எத்தனை?"

"ஒன்று அம்மா. முன்சக்கரத்தில்."

"மூணு சக்கரத்துக்கு ஒண்ணா?"

இயந்திரம் கற்ற எவரும் கேட்கவேண்டிய கேள்வி அது. நாங்கள் இருவரும் கேட்கவில்லை, அஞ்சியவர் கேட்டார். தேரோட்டம் கண்டவர்கள் அறிவர்: வடம் பிடிப்பவர் ஆயிரவராயினும், சக்கரத்தினடியில் முட்டுக்கட்டை இடுபவர் சிலரே, அவர் இல்லையேல் தேர் திரும்பாது, நிற்காது. தடை செய்பவரை "முட்டுக்கட்டை போடுகிறார்" என்று நாம் இகழ்ந்து கூறுகிறோம். தேருக்கு முட்டுக்கட்டை பகையன்று. அம்மாவின் அச்சத்தையும் யான் அதுகாறும் பகையென்றே எண்ணியிருந்தேன்.

பின்சக்கரங்கள் இரண்டிற்கும் பிரேக்கு வைத்தோம். பேட்டரிகளை இருக்கையின் அடியில், அச்சுக்கு நேராகத் தாழ்த்திக் கட்டினோம். 36 பல் தன் இடத்திற்கு மீண்டது. அதனை மாட்டும்போது மாமா ஒவ்வொரு பல்லாக விரல் வைத்து எண்ணினார். யான் தலைகுனிந்து நின்றேன்.

கல்லூரி திறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் சென்றிருந்தபோது, வண்டியைக் குட்டியானையில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுசென்றோம். அந்நகரில் மாமா அறிந்தவை மருத்துவமனையும் அரசு அலுவலகங்களுமே. பதினொரு நிலையும் 192 அடி உயரமும் உடைய அந்தக் கோபுரத்தை ஆட்டோவின் கூரை மறைத்த அளவுக்கே கண்டவர் அவர். தேரடியில் வண்டியை இறக்கினேன். "நானும் கூட வரட்டுமா?" என்னும் கேள்வி நாவரையில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் விரலை அழுத்தினார். வண்டி சற்றே இடப்பக்கம் இழுத்து, நேராகி, நடைபாதைக் கடைகளின் ஓரமாக மெல்லச் சென்றது. சைக்கிளில் சென்ற சிறுவன் ஒருவன் அதனை முந்திப்போனான். வீதி திரும்பும் முக்கில் மாமா விரலை எடுத்தார். மூன்று சக்கரமும் தரையில் நிற்க, மெதுவாகத் திரும்பி மறைந்தார்.

நாற்பது நிமிடம் யான் அங்கே நின்றேன். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. உலகில் வேறு எவருக்கும் தெரியாது. என் நினைவறிந்து அது நிகழ்ந்தது அன்றே முதன்முறை. அச்சமாகவும் இருந்தது; அதனினும் மேலான ஏதோவொன்றாகவும் இருந்தது.

திரும்பி வந்தபோது மடியில் பால்கோவாப் பொட்டலம் இருந்தது. "ஒரு தெருவில் இரண்டு தடவை போனேன்" என்றார். ஏனென்று கேட்டேன். "முதல் தடவை பிடித்திருந்தது" என்றார்.

நம் வகுப்பில் ஒட்டக்கூத்தரின் மூவருலாவைப் படித்தபோது, உலா என்னும் சிற்றிலக்கியம் வேந்தருக்கும் இறைவருக்கும் உரியதென்று ஏட்டில் குறித்துக்கொண்டேன். தலைவன் வீதியில் பவனி வருவான், பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் காண்பர், அதுவே பொருள். அவன் எங்கே போகிறான் என்று அந்நூல்களில் வினவுவார் இலர். போதலே அவன் பெருமை. வேந்தனுக்கு இயல்பாய் வாய்த்த அவ்வுரிமையைப் பெற எம் மாமாவுக்கு 36 பல்லும் மூன்று பிரேக்கும் ஒரு மணிக்கட்டும் வேண்டியிருந்தன. அன்பர்களே! நம் வீடுகளில் நாம் அன்போடு சுமந்து செல்பவர் சிலர் இருப்பர். சுமப்பது நன்று. அவர் எங்கும் போகவேண்டாத ஒரு போக்கிற்கு வழி செய்தல் அதனினும் நன்று.

சென்ற மாதம் ஊரில் இருந்தேன். மாலை வெயில் தாழ்ந்தபின் மாமா வண்டியை வாசலில் இறக்கினார். அடுப்படியிலிருந்து அம்மா பழக்கத்தால் குரல் கொடுத்தார்: "தம்பி, எங்கே?"

"சும்மா, இப்படி அக்கா."

அம்மா மேலும் ஒன்றும் கேட்கவில்லை. "பிரேக்கைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.